ஓட்டைக் கந்தோர்

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி, கடைவீதிக்குள் திரும்பாமல் மேட்டுப் பாதையில் ஏறினால் ஒரு பச்சைக் கட்டடம் வரும். அதன் முகப்பில் ‘மலைநாட்டுத் திரவ வெளிப்பாய்ச்சல் அளவீட்டு நிறுவனம்’ என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கிறது. இவ்வளவு நீளமான பெயரை ஒரே மூச்சில் சொல்லப் பதுளைச் சனங்களுக்குப் பொறுமை கிடையாது. ஓட்டைக் கந்தோர் என்பார்கள், கந்தோர் என்றால் அலுவலகம். இதில் நிறுவனத்துக்கு மனவருத்தம் உண்டு என்றாலும் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஒரு ஓட்டையின் வழியே எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை.

அதற்கு எதற்கு ஒரு நிறுவனம், ஒரு வாளியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நிறுவனம் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுகிறது. ஓட்டையின் அகலத்தையும் தொட்டியில் நிற்கும் தண்ணீரின் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், இவ்வளவு வரவேண்டும் என்று ஒரு விடை கிடைக்கும். வாளியை வைத்துப் பார்த்தால் அவ்வளவு வராது. வரவேண்டியதில் எத்தனை பங்கு வந்து சேர்கிறது என்பதற்கு வெளிப்பாய்ச்சல் குணகம் என்று பெயர். கூரான விளிம்புள்ள வட்ட ஓட்டைக்கு அது புள்ளி ஆறு இரண்டு. அதாவது நூறு வாளி வரவேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு வாளி வரும். மிச்சம் எங்கே என்று கேட்கக் கூடாது. மிச்சத்தை விளக்குவதற்காகத்தான் நிறுவனம் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட இடத்துக்கு ஞானசீலன் ஏன் போனார் என்பதைச் சொல்ல வேண்டும்.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், ஒரு பழைய லயம் இருக்கிறது, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளர் காம்பராக்கள். மண்சரிவு அபாயம் என்று சொல்லி அங்கிருந்த குடும்பங்களைக் கீழே புது வீடுகளுக்கு மாற்றினார்கள். பெயர் பதிந்த அன்று ஞானசீலன் ஊரில் இல்லை. மனைவி மரியபுஷ்பத்தோடு பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். அவள் திரும்பி வரவில்லை. அவர் திரும்பி வந்தபோது வீடுகள் முடிந்துவிட்டிருந்தன. ஆகவே மலை சரிந்தால் எல்லாருடைய காம்பராவும் ஆபத்து, ஞானசீலனுடைய காம்பராவைத் தவிர என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. வெறுமையாகிப் போன காம்பராக்களுக்கு நடுவில் அவர் தனியாக இருந்தார். மகள் பிரான்சிஸ்காவுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், சிக்னல் இருந்தால்.

ஆனாலும் அவர் தனிமைப்பட்டுப் போய்விடவில்லை. காரணம் பீலி. லயத்துக் கோடியில் ஒரு சீமெந்துத் தொட்டி, மேலே ஊற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது. தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. அதிலிருந்து விழும் தண்ணீர்தான் பீலி. கீழே புது வீடுகளில் குழாய் பூட்டிவிட்டார்கள், அழகான குழாய்கள், தண்ணீர் மட்டும் வரவில்லை. அதனால் காலையிலும் பின்னேரத்திலும் கேனும் வாளியுமாகப் பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். முதலில் வருகிறவர் தொட்டிக்குள் கையை விட்டு, தேங்காய்த் தும்பிலே சாம்பலைத் தொட்டு, ஓட்டையின் உள்விளிம்பைச் சுற்றித் தேய்த்து, அடைத்திருக்கும் இலைதழையை எடுத்துவிட வேண்டும். அது அந்த லயத்தின் பழக்கம், யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. மரியபுஷ்பம் இருந்தவரை முதலில் வருகிறவள் அவள்தான்.

பெண்கள் குனிந்து துணி அலசுவார்கள், ஊர்ச் சண்டை பேசுவார்கள். ஞானசீலன் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பார். கீழ்வீட்டு விஜயலெட்சுமி சில நாள் ஒரு ரொட்டியை இலையில் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் அவருடைய உலகம். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் சுற்றுநிருபம் வந்தது. தோட்டங்களில் உள்ள பொதுப்பீலிகள் எல்லாம் மேற்படி நிறுவனத்தின் சான்றிதழ் பெற வேண்டும், பெறாவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீர் மேலேயே அடைக்கப்படும் என்றது அது. லயத்தில் குடியிருக்கும் ஒரே ஆள் ஞானசீலன் என்பதால் அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பீலி நின்றால் அந்த மேட்டில் யாரும் ஏற மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பசறை வழியாகப் பதுளைக்கு பஸ் ஏறினார்.

நிறுவன வாசலில் காவலாளி வாஹித் அவரை மறித்தார்.

“ஓட்டைய கொண்டாந்தீங்களா?”

“இல்லீங்க. அது தொட்டியில இருக்கு.”

“ஆள் வந்து பிரயோசனமில்லங்க. ஓட்டை வரணும்.”

“ஓட்டைய எப்புடிங்க கொண்டாறது?”

வாஹித் நல்ல மனிதர், தலையைச் சொறிந்தார். இந்தக் கேள்வியை இதற்கு முன்னும் பலர் கேட்டிருப்பார்கள் போலும். அதற்குள் பணிப்பாளர் கலாநிதி ரஜீவ் காரிலிருந்து இறங்கினார். வெளிநாடொன்றில் ஒரே ஒரு ஓட்டையைப் பற்றிப் பல வருடம் படித்துப் பட்டம் பெற்றவர்.

“பெரியவர், பதற வேண்டாம்” என்றார். “துவாரத்தைச் சுற்றி இருப்பதைக் கழற்றினால் துவாரம் தானாகவே கூட வரும். துவாரத்தை மட்டும் ஒப்படையுங்கள். தண்ணீரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் எங்கள் பொறுப்பு.”

ஞானசீலன் திரும்பிப் போய், முறுக்காணிகளைக் கழற்றி, தகட்டை எடுத்தார். இருந்த இடத்தை ஒரு மரக்கட்டையாலும் சாக்குத் துண்டாலும் அடைத்தார். பெண்கள் கேன்களோடு சுற்றி நின்று பார்த்தார்கள்.

“எத்தன நாளைக்கு மாமா?” என்றாள் விஜயலெட்சுமி.

“அளந்ததும் தந்துருவாங்க. அதுவரைக்கும் தொட்டியில மொண்டுக்கோங்க.”

தகட்டைப் பழைய பனியனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

ஆய்வுகூடம் பெரியது. நடுவில் கண்ணாடிப் பக்கங்கள் வைத்த ஒரு தொட்டி, ஆளுயரம். பக்கத்தில் அளவுகோல்கள், நிறுத்தற்கடிகாரங்கள், பித்தளை வாளிகள். எல்லாம் துடைத்துத் துப்புரவாக இருந்தன. ஒரு பொட்டு ஈரம் இல்லை. போதனாசிரியை ரொஷானி தகட்டைத் தொட்டியில் பூட்டினாள். பதுளை டவுன் பிள்ளை, முப்பது வயதிருக்கும், அந்தப் பெரிய அறையில் தனியாக இருந்து இருந்து மெதுவாகப் பேசப் பழகியிருந்தாள்.

“மிஸ், தண்ணி எங்க?”

“இங்க தண்ணி இல்ல அங்கிள்.”

அதற்குக் காரணம் இருந்தது. சான்றிதழ் பெறாத துவாரத்தின் வழியே தண்ணீர் பெறக் கூடாது என்று நிறுவனமே சட்டம் போட்டது. நிறுவனத்தின் சொந்தக் குழாய்க்குச் சான்றிதழ் இல்லை. அதை அளந்து சான்றிதழ் கொடுக்கலாமென்றால் அளப்பதற்குத் தண்ணீர் இல்லை. சட்டத்தைத் தனக்கே முதலில் பிரயோகித்த நிறுவனம் என்று இதைப் பாராட்டி ஒரு கேடயம் கூடக் கொடுத்திருக்கிறார்கள். கேடயம் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது.

எனவே பரிசோதனை உலர் முறையில் நடந்து வந்தது. பணிப்பாளர் வந்து தலையசைத்தார். ஒருவர் அளவுகோலைப் பார்த்து, “தொட்டி நிரம்பியிருப்பதாகக் கொள்க” என்று வாசித்தார். இன்னொருவர் கடிகாரத்தை அமுக்கினார். வாளி பிடிக்கிறவர் லீவு. ஞானசீலனைக் கூப்பிட்டார்கள். அவர் ஓட்டைக்குக் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டையின் வழியாக அடுத்த பக்கத்துச் சுவர் தெரிந்தது.

“பெரியவர், வாளி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது” என்றார் பணிப்பாளர். “அதைப் பிடித்திருக்கிற மாதிரி உங்கள் நிற்பில் தெரியவில்லையே.”

ஞானசீலன் முதுகைக் கொஞ்சம் வளைத்தார்.

“நல்லது. இப்போது ததும்புகிறது. கவனம், கவனம், சிந்துகிறது!”

அவர் பதறிப்போய் காலைப் பின்னால் எடுத்தார். எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ரொஷானி விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை எழுதினாள். விடை புள்ளி ஆறு இரண்டு. நிறுவனம் தொடங்கிய நாள் முதல் அங்கே வேறு விடை வந்ததில்லை.

அன்றைக்கே சான்றிதழ் கிடைத்திருக்கும். பணிப்பாளர் கிட்டே வந்து தகட்டைப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. “இவ்வளவு அழகான வட்டத்தை நான் வெளிநாட்டில்கூடப் பார்க்கவில்லை” என்றார். கொழும்பிலிருந்து தர நிர்ணயக் குழு ஒன்று வரப் போகிறது, அவர்கள் முன்னிலையில் உண்மையான தண்ணீரில் ஒரு பரிசோதனை காட்ட வேண்டும், இந்தத் துவாரம்தான் அதற்குப் பொருத்தம், அதுவரை அது இங்கேயே இருக்கட்டும், சான்றிதழை மேடையிலேயே தருகிறோம் என்றார். ஞானசீலன் கைகட்டி நின்றார். வேறென்ன செய்வது?

அவர் திரும்பிப் போனபோது தொட்டியடியில் விஜயலெட்சுமியின் புருஷன் சுரேஸ் குந்தியிருந்தான். அடைத்திருந்த மரக்கட்டையின் நடுவே துளை போட்டு, ஒரு கறுப்பு பைப்பைச் சொருகி, றப்பர் பட்டியால் இறுக்கிக்கொண்டிருந்தான். பைப் தேயிலைக்குள் நுழைந்து சரிவில் இறங்கிப் புது வீடுகள் வரைக்கும் போனது.

“பாருங்க மாமா, வூட்டு வாசல்லயே தண்ணி! நீங்க தகட்ட கழட்டினதுனாலதான் இந்த யோசனையே வந்திச்சி.”

நல்ல யோசனை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்பில் கேனைச் சுமந்து மேடேறி வந்த பெண்கள் இனி ஏற வேண்டியதில்லை. விஜயலெட்சுமிக்கு முட்டுக்கால் வலி வேறு. ஞானசீலன், “நல்லதுப்பா” என்று மனதாரச் சொன்னார். எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டுக் கீழே போனார்கள். பிறகு வரவில்லை.

முதல் சில நாள் அவர் பழக்கத்தில் பெரிய கேத்தலிலேயே தேத்தண்ணி வைத்தார். பொழுது விடிந்து பனி விலகியும் பாதையில் யாரும் வராததைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தார். மிச்சத்தை ஆறவிட்டுக் கீழே கொட்டினார். பீலியின் சத்தம் இல்லாதது காதில் என்னமோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தண்ணீர் இப்போதும் பக்கத்திலேதான் போய்க்கொண்டிருந்தது, பைப்புக்குள், சத்தமில்லாமல். அவர் தனக்குத்தானே பேசிப் பார்த்தார். சரிவரவில்லை. மரியபுஷ்பம் செத்தபோதுகூட இப்படி இருந்ததில்லை என்று தோன்றியது. அப்போது பீலியடியில் சனம் இருந்தது.

சான்றிதழ் வாங்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு பின்னேரம் அவருக்கு எண்ணம் வந்தது. தண்ணீரை மேலே அடைத்துவிடுவார்கள். பைப்பும் காய்ந்துவிடும். கீழே உள்ளவர்களுக்கும் கஷ்டம் தெரியும். அந்த எண்ணம் வந்ததற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் மறுபடி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனார்.

அங்கே ஒத்திகைக்கு ஆயத்தம் நடந்தது. “உங்கள் துவாரத்துக்குப் பழகிய நீர் வேண்டும்” என்றார் பணிப்பாளர். “அந்நிய நீர் என்றால் அது கூச்சப்படும்.” ஆகவே அடுத்த தடவை ஞானசீலன் ஒரு கேன் தண்ணீரைச் சுமந்து வந்தார். வளைவுகளில் கேன் உருண்டு கண்டக்டரின் காலில் மோதியது. பதுளையில் தண்ணி இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். இருக்கு, ஆனா பழக்கமில்லாத தண்ணி என்று ஞானசீலன் சொன்னார். அதற்குப் பிறகு கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆளுயரத் தொட்டிக்குள் அந்தக் கேன் தண்ணீரை ஊற்றினார்கள். அது அடியில் பரவி, பளபளவென்று கிடந்தது. ஓட்டை எங்கேயோ மேலே இருந்தது. எல்லாரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீர்மட்டம் துவாரத்துக்குக் கீழே இருக்கிறது” என்று பணிப்பாளர் கடைசியில் கண்டுபிடித்தார். “எதிர்மறை அழுத்தம். மிகவும் அபூர்வமான நிலை. இந்த நிலையில் நீர் துவாரத்தை விட்டு வெளியேற மறுக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.”

எல்லாரும் தேநீருக்குப் போன பிறகு ரொஷானி தொட்டிக்குள் எட்டி, கையால் அந்தத் தண்ணீரை அளைந்தாள்.

“நான் இங்க வந்து ஏழு வருஷம் அங்கிள். தண்ணிச் சத்தமே கேட்டதில்ல” என்றாள். “ஒங்க பீலி என்ன மாதிரி சத்தம் போடும்?”

ஞானசீலன் யோசித்தார். “பொம்பளைங்க பேசுற சத்தத்தோட சேத்துத்தான் கேட்டிருக்கேன் மிஸ்” என்றார். “தனியா எப்புடின்னு தெரியல.”

குழு வந்த நாள் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் தகரம் போட்டுப் பந்தல், வாழை, தோரணம், குத்துவிளக்கு. தண்ணீருக்காக ஒரு பவுசர் லொறி வந்து நின்றது. பவுசரின் குழாய்க்குச் சான்றிதழ் இல்லை என்பது கடைசி நேரத்தில்தான் தெரிய வந்தது. பணிப்பாளர் கொஞ்சமும் கலங்கவில்லை. பவுசரின் மேல்மூடியைத் திறந்து வாளி வாளியாக மொள்ளச் சொன்னார். மூடி துவாரம் ஆகாது, அது வாய், வாய்க்குச் சட்டத்தில் தடை இல்லை என்று விளக்கினார். மழை தகரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்ட, உத்தியோகத்தர்கள் தண்ணீருக்காக வரிசையில் நின்று வாளி கைமாற்றினார்கள். தொட்டி நிரம்பியது.

பணிப்பாளர் பேச எழுந்தார்.

“பெரியோர்களே! தோட்டத்து மக்கள் எங்களிடம் வந்து, ஐயா, வரவேண்டியது முழுசாக வரவில்லையே என்கிறார்கள். நான் அவர்களைக் கோபிப்பதில்லை. அவர்களுக்கு அறிவியல் தெரியாது. தண்ணீர் துவாரத்தை விட்டு வெளியே வந்ததும் தானாகவே ஒடுங்குகிறது. யாரும் அதை நசுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. ஒடுங்குவது அதன் இயல்பு. வீடென்றாலும் சரி, பாதையென்றாலும் சரி, மேலேயிருந்து விட்டது கீழே போய்ச் சேரும்போது புள்ளி ஆறு இரண்டாகத்தான் இருக்கும். அதற்கு மேல் கேட்பது இயற்கைக்கு விரோதம். இந்த நிறுவனம் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்கியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

பலத்த கைதட்டல். அடைப்பை எடுத்தார்கள்.

தண்ணீர் வந்தது. கண்ணாடித் தண்டு போல வளைந்து வாளிக்குள் விழுந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானசீலன் அவரை அறியாமலே எழுந்து நின்றார். மழைச் சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அவருடைய பீலி பதுளையில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது யாராவது ஒரு கேனைக் கொண்டுவந்து வைப்பார்கள், யாராவது யாரையாவது திட்டுவார்கள் என்று அவர் சுற்றிலும் பார்த்தார். கோட்டுப் போட்டவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொஷானி கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள். முகம் வெளிறிப் பணிப்பாளரின் காதருகே போனாள். ஒலிவாங்கி திறந்திருந்தபடியால் சபை முழுக்கக் கேட்டது.

“சேர், புள்ளி ஏழு ஒண்ணு வருது.”

சபையில் சலசலப்பு. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ரொஷானி தொட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னாள். ஓட்டையின் உள்விளிம்பு வருடக்கணக்காகத் தேய்ந்து உருண்டு போயிருக்கிறது. விளிம்பு உருண்டால் தண்ணீர் அவ்வளவாக ஒடுங்காது, கூடுதலாக வரும்.

“யார் தேய்த்தது?” என்றார் பணிப்பாளர், ஞானசீலனை நோக்கி.

“எல்லாரும் தேய்ப்பாங்க சேர். என் சம்சாரந்தான் கூடுதலா. தும்பும் சாம்பலும் போட்டு.”

“அனுமதியில்லாமல்?”

“கூடத் தண்ணி வருதுன்னா நல்லதுதானே சேர்” என்றாள் ரொஷானி மெதுவாக.

“அதுதான் பிரச்சினை!” பணிப்பாளருக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. “ஒரு லயத்துக்குப் புள்ளி ஏழு ஒன்று கொடுத்தால் நாளைக்குப் பூனாகலைத் தோட்டத்துக்காரன் கேட்பான். பிறகு எல்லாரும் கேட்பார்கள். விளிம்பைக் கூராக்குங்கள். இப்போதே.”

தகட்டைக் கழற்றி, பின்கட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். இயந்திரம் கீச்சென்று சத்தம் போட்டது. ஞானசீலன் வாசலில் நின்று பார்த்தார். பித்தளைத் தூள் பொன் நிறத்தில் கீழே கொட்டியது. ஒரு சிப்பந்தி வந்து அதைக் கூட்டி வெளியே மழையில் போட்டான். அது மரியபுஷ்பத்தின் கை பட்டுப் பட்டு உருண்ட இடம் என்று அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

மறுபடி பூட்டி, மறுபடி தண்ணீர் விட்டார்கள். புள்ளி ஆறு இரண்டு. சபை எழுந்து நின்று கைதட்டியது. ஞானசீலன் மேடையேறிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். படம் எடுத்தார்கள்.

தகட்டைப் பனியனில் சுற்றிக் கொடுத்தபோது ரொஷானி சொன்னாள், “மறுபடி தேச்சா மறுபடி கூட வரும் அங்கிள். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

சான்றிதழைத் தோட்டக் கந்தோரில் காட்டியதும் தண்ணீர் தப்பியது. கீழே பைப்பில் தாராளமாக வந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நிற்காத தண்ணீரைப் பற்றி யார் கேட்பார்கள்?

ஒரு நாள் காலை ஞானசீலன் முறுக்காணிச் சாவியையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். சான்றிதழ் பெற்ற துவாரம் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பைப்போடு மரக்கட்டையைப் பிடுங்கினார். தகட்டைப் பூட்டினார். தண்ணீர் விழுந்தது. முன்பைவிட மெலிந்துதான் விழுந்தது, சத்தமும் மாறித்தான் இருந்தது. பரவாயில்லை. அவர் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. பிறகு தேயிலைக்குள் தலைகள் தெரிந்தன. விஜயலெட்சுமி முன்னால், சுரேஸ் பின்னால், அதற்குப் பின்னால் முக்கால்வாசி வீடுகள்.

“என்ன மாமா செஞ்சி வச்சிருக்கீங்க? புள்ளைங்க ஸ்கூலுக்கு போகணும், வேலைக்கு போகணும், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!”

“வயசானா புத்தியும் போயிருமா?”

“கேக்குறோம்ல, வாயத் தொறந்து பேசுங்க!”

எல்லாரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். ஞானசீலன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த இடத்தில் மனிதச் சத்தம். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டியதால் அழுகிறார் என்று நினைத்து அவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த அமைதியில் விஜயலெட்சுமி பழக்கதோஷத்தில் தொட்டிக்குள் கையை விட்டு விளிம்பைச் சுற்றித் துடைத்தாள். “ஆத்தாடி!” என்று கையை இழுத்தாள். பெருவிரலில் இரத்தம்.

“என்னங்க மாமா இது? கத்தி மாதிரி இருக்கு!”

“அளந்து குடுத்தாங்கம்மா.”

அவர் துணி கிழித்துக் கட்டுப் போட்டார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த காம்பராவை, அடுப்பின் மேலிருந்த பெரிய கேத்தலை, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பைகளைப் பார்த்தாள். சுரேஸ் தகட்டுக்கு மேலாகவே பைப்பைப் பொருத்தி இறுக்கினான். இனிமேல் கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த பைப் ஞாயிற்றுக்கிழமைகளில் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாரும் போகாத நாள். சுரேஸ் ஒரு தடவை வந்து இரும்புப் பட்டி போட்டான். மறு ஞாயிறு அதுவும் கழன்றது. அதற்கப்புறம் அவன் வரப் புறப்பட்டால் விஜயலெட்சுமி, நீ இரு, நானே போய்ப் பாக்குறேன் என்றாள். முட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு மேடேறி வருவாள். கூட ஒன்றிரண்டு பேர், துணி மூட்டையோடு.

“மறுபடியும் கழண்டுக்கிச்சா மாமா?”

“ஆமாம்மா. தண்ணி ஒடுங்குது. அது அதோட இயல்பாம். பெரிய சேரே சொல்லியிருக்காரு.”

“ஒடுங்கும் ஒடுங்கும்.” அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அடுப்படியிலிருந்து கொண்டுவந்த சாம்பலைத் தும்பில் தொட்டு, தொட்டிக்குள் கையை விட்டாள். “தேத்தண்ணிய ஊத்துங்க. இத மழுக்கி எடுக்க இன்னும் எத்தன ஞாயித்துக்கெழம ஆகுமோ.”